தூங்காமல் காத்த சிறுமி: வன்முறை நடந்த வீட்டில் 11 வயதுக் குழந்தை, 14 மாத நிகழ்வு ஆய்வு

மேற்குத் தமிழ்நாட்டின் விசைத்தறி நகரம் ஒன்றில் 2024 செப்டம்பர் முதல் 2025 நவம்பர் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. 'குழு' என்று வரும் இடங்களில் வகுப்பாசிரியர், பள்ளிக்கு வந்துபோகும் சமூகப் பணியாளர், உளவியல் ஆலோசகர் ஆகிய மூவரையும் குறிக்கும். குடும்ப வன்முறைச் சட்டப்படி அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலரும் இலவச சட்ட உதவி வழக்கறிஞரும் இடையில் சேர்ந்தார்கள்.

பின்னணி

தாய்க்கு வயது 32, தந்தைக்கு 38. மகள் ஆறாம் வகுப்பு, மகனுக்கு ஐந்து வயது. ஒரே பட்டறையில் தந்தை தறி ஓட்டுகிறார், தாய் தார் (ஊடைநூல் கண்டு) சுற்றுகிறார். பட்டறைக்காரருக்குச் சொந்தமான லைன் வீட்டில் ஓர் அறையும் சமையல் மூலையும். அவரிடமே இருவர் பேரிலும் சேர்த்து 80,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். கணவனை விட்டு விலகுவது என்றால் வீடு, வேலை, கடன் மூன்றையும் ஒரே நாளில் எதிர்கொள்வது என்று பொருள். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்?" என்று தாயைக் கேட்ட உறவினர்கள் எவரும் இந்த முன்பணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இது அபூர்வமான வீடு அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். அந்த வீடுகளில் வளரும் குழந்தைகளை அந்த எண் காட்டாது. அடி விழுவது தாய்மேல்தான் என்பதால் குழந்தைக்கு 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. 1998-இல் வெளியான அமெரிக்கக் குழந்தைப் பருவப் பாதக அனுபவ ஆய்வு, தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதையே தனி வகைப் பாதிப்பாக எண்ணியது. அதில் பங்கெடுத்த 9,500-க்கும் மேற்பட்டோரிடம், இத்தகைய பாதிப்புகளின் வகை கூடக்கூட வளர்ந்தபின் மனச்சோர்வும் குடிநோயும் தற்கொலை முயற்சியும் படிப்படியாகக் கூடியிருந்தன.

முதலில் கண்ணில் பட்டவை

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது பின்னால் தெரிந்தது. அதற்கு முன்பே வகுப்பாசிரியர் நான்கு விஷயங்களைக் கவனித்திருந்தார். முதல் இரண்டு பாடவேளைகளில் சிறுமி மேசைமேல் தலை வைத்துத் தூங்கிவிடுகிறாள். மற்ற நாட்களைவிடத் திங்கட்கிழமை அதிகம். மதிய உணவு இடைவேளையில் தினமும் அலுவலக அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் போடச் சொல்கிறாள். தாயின் குரல் கேட்டதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறாள். இரும்பு மணி அடித்தால் மற்றவர்களைவிட முன்னதாகத் தோள் குலுங்குகிறது. வயிற்றுவலி என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்கிறாள்.

ஆசிரியர் வகுப்பில் வைத்து எதையும் விசாரிக்கவில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று வாரம் குறித்துக்கொண்டார். "ஏதோ பிரச்சினை போல" என்று எழுதுவதைவிட "9-ஆம் தேதி, முதல் பாடவேளை, 25 நிமிடம் தூக்கம்" என்று எழுதுவது பின்னால் நீதிமன்றம்வரை பயன்பட்டது.

சமூகப் பணியாளர் சந்தித்தபோது முதலில் பேச்சு தூக்கத்தைப் பற்றியதாகவே இருந்தது. "ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குவ கண்ணு?" என்ற கேள்விக்கு வந்த பதில்: "அப்பா தூங்கின பொறவு." ஏன் என்று கேட்டபோது, "நான் தூங்கிட்டா அப்புறம் யாரு பாக்குறது மிஸ்?"

அதற்குமேல் சம்பவங்களைத் துருவாமல், இரவில் அவள் என்னென்ன செய்வாள் என்று மட்டும் கேட்கப்பட்டது. சாயங்காலம் அரிவாள்மனையை எடுத்து வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைக்கிறாள். காலையில் அம்மா தேடுவதற்குள் திரும்பக் கொண்டுவருகிறாள். எக்ஸெல் வண்டியின் சத்தம் சந்து முனையில் எப்படிக் கேட்கிறது என்பதை வைத்து அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கணிக்கிறாள். சத்தம் தப்பாக இருந்தால் தம்பியைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். கதவோரம் படுக்கிறாள். மதியம் போன் போடுவதும் இதே வரிசையில் சேர்ந்தது: அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பதற்கு.

ஐந்து வேலைகள், எல்லாமே உண்மையான ஆபத்துக்கு எதிராக, எல்லாமே ஓரளவு பலன் தந்தவை. இவற்றை நோய்க்குறி என்று மட்டும் எழுதியிருந்தால் பாதி உண்மைதான் பதிவாகியிருக்கும். பின்வந்த முடிவுகள் அனைத்தும் இந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டன.

அளவுகோல்கள் இரண்டு பயன்படுத்தப்பட்டன. 25 கேள்விகள் கொண்ட பலம்–இடர்ப்பாடு வினாத்தாளில் ஆசிரியர் அளித்த மதிப்பெண் 19. ஆசிரியர் படிவத்தில் 16 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை. அதிர்ச்சித் தாக்கத்துக்கான எட்டுக் கேள்விப் படிவத்தில் 26. அதில் எல்லை 17. இவை நோய் நிர்ணயம் அல்ல. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவே. பாலியல் துன்புறுத்தலின் அறிகுறி உள்ளதா என்பதும் தனியாகப் பார்க்கப்பட்டது. இருந்திருந்தால் போக்சோ சட்டப்படி உடனே புகார் அளிப்பது கட்டாயம். அப்படி எதுவும் இல்லை.

தாயிடம் பேசியதும் ஆபத்தை அளந்ததும்

தாயை அழைத்த விதத்திலேயே கவனம் தேவைப்பட்டது. தாயின் போனில் வந்த அழைப்புகளைக் கணவர் பார்ப்பவர். ஆகவே "பிள்ளைக்கு உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வேண்டும்" என்று பள்ளி எண்ணிலிருந்தே சொல்லப்பட்டது. வந்த அன்று உண்மையிலேயே ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கப்பட்டது. துண்டுப் பிரசுரமோ எண் எழுதிய சீட்டோ கையில் கொடுக்கப்படவில்லை. 181, 1098 இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லப்பட்டது. சமூகப் பணியாளரின் எண் 'ரேஷன் கடை' என்ற பெயரில் தாயின் போனில் ஏறியது.

முதல் சந்திப்பில் "விட்டு வந்துவிடுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், போக முடியாத பெண் அடுத்த முறை வரமாட்டார். கேட்டது, குறித்தது, எது முதலில் வேண்டும் என்று அவரிடமே கேட்டது, அவ்வளவுதான் நடந்தது.

ஆபத்தை அளக்கும்போது "அடித்தாரா?" என்ற கேள்வி போதாது. கழுத்தை நெரித்தாரா என்று தனியாகக் கேட்க வேண்டும். பல பெண்கள் அதை அடியின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தத் தாயும் மூன்றாவது முறை வேறு சொற்களில் கேட்டபோதுதான் சொன்னார். இரண்டு வாரம் முன்பு கணவர் சேலை முந்தானையால் கழுத்தை இறுக்கியிருக்கிறார், கண் இருட்டியது, நான்கு நாள் குரல் கரகரத்தது, விழுங்கும்போது வலித்தது. வெளியே தழும்பு இல்லை. கழுத்து நெரிப்பில் பெரும்பாலும் வெளியே அடையாளம் தெரியாது. உள்ளே கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அரசு மருத்துவமனைக்கு அன்றே அனுப்பப்பட்டு, விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்று மருத்துவமனையில் சொல்வார்களே அதில், நெரிப்பு என்ற சொல்லே இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளப்பட்டது. "வீட்டில் விழுந்தார்" என்று எழுதப்பட்ட ஏ.ஆர். எந்த வழக்கிலும் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

இந்த ஒரு தகவல் மொத்தக் கணக்கையும் மாற்றியது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு கூடியிருந்தது. பெண் விலகிப்போகும் நாட்களும் அதற்குப் பிந்தைய சில மாதங்களும்தான் மிக ஆபத்தானவை என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே 'வெளியேறுவது' என்பது தனி நாளில் எடுக்கும் தைரியமான முடிவாக அல்லாமல், ஏற்பாடுகள் எல்லாம் முடிந்தபின் நடக்க வேண்டிய வேலையாகக் கருதப்பட்டது.

குடியைப் பற்றி ஒரு குறிப்பு. "குடிச்சா மட்டும்தான் இப்படி" என்றுதான் தாய் தொடங்கினார். நினைவில் நின்ற மோசமான மூன்று சம்பவங்களை நாள்வாரியாக எழுதச் சொன்னபோது, அவற்றில் இரண்டில் கணவர் குடித்திருக்கவில்லை என்பது அவருக்கே புலப்பட்டது. குடி நிறுத்தும் சிகிச்சை நல்லதுதான். அதை வன்முறைக்கு மருந்தாக எண்ணிக் காத்திருந்தால் மாதங்கள் போய்விடும்.

முதல் முடிவுகள்

அக்டோபரில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. சிறுமியை விடுதிக்கோ காப்பகத்துக்கோ அனுப்புவதில்லை. 'பிள்ளையாவது நிம்மதியாக இருக்கட்டும்' என்ற எண்ணத்தில் பலரும் சொன்ன யோசனை அது. தன் கண்காணிப்பில்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நம்பும் குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்தால் பயம் குறையாது; கூடும்.

வீட்டில் வன்முறை நிற்காதவரை அவளுக்கு மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி எதுவும் சொல்லித் தருவதில்லை; நடந்தவற்றைச் சொல்ல வைப்பதும் இல்லை. அவளுடைய விழிப்பு அப்போது சரியான விழிப்பு. அதை மட்டும் அணைக்க முயல்வது அவளை ஆபத்தில் விடுவதாகும். மாறாக, பள்ளி நேரத்துக்குள் தூக்கத்துக்கு இடம் தரப்பட்டது: முதல் பாடவேளையில் நூலக அறையில் 40 நிமிடம் பாய் விரித்துப் படுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் வயிற்றுவலிப் புகார் பாதியானது.

மூன்றாவது, ஆவணப் பை. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இரு குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஏ.ஆர். நகல், ஒரு செட் துணி, 1,500 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் காணாமல் போனது தெரிந்துவிடும் என்பதால் அசல் ஒன்றொன்றாக வெளியே வந்தது. அலமாரியில் நகல் வைக்கப்பட்டது. பை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. சிறுமியிடம் இதைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா கேட்டால் பொய் சொல்ல வேண்டிய சுமை அவள்மேல் விழக்கூடாது.

இதற்கிடையே ஒரு சிறு விபத்து. பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், பாதக அனுபவப் பட்டியலை வைத்துக் கூட்டி '10-க்கு 7' என்று சிறுமியின் பள்ளிக் கோப்பில் எழுதிவிட்டார். அந்தப் பக்கம் உடனே நீக்கப்பட்டது. அந்த எண் பெருந்திரள் மக்களின் போக்கைச் சொல்லப் பிறந்தது. தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லாது. மூல ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவரான ராபர்ட் ஆண்டாவும் சக ஆய்வாளர்களும் 2020-இல் இந்தத் தவறான பயன்பாட்டை எதிர்த்தே எழுதினார்கள். பள்ளிக் கோப்பில் மிஞ்சியது ஒரே வரி: 'காலை முதல் பாடவேளையில் ஓய்வு தேவை, வகுப்பாசிரியரைக் கேட்கவும்.'

எழுதி வாங்கிய மூன்று வாரம்

தீபாவளி போனஸ் பணத்தில் தகராறு வந்து நவம்பர் முதல் வாரத்தில் தாய்க்கு முன்கையில் அடி. அவருடைய அண்ணன் வந்து காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரப்பட்டது. இரு வீட்டுப் பெரியவர்களும் வந்தார்கள். "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று கணவர் எழுதிக் கையெழுத்திட்டார். எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

மூன்று வாரம் அமைதி. கணவர் குழந்தைகளுக்கு பரோட்டா வாங்கி வந்தார். உறவினர்கள் நிம்மதியானார்கள். ஆசிரியரின் நோட்டில் மட்டும் வேறு கதை இருந்தது: பள்ளித் தூக்கம் 40 நிமிடத்திலிருந்து இரண்டு பாடவேளைகளாக நீண்டது, மதியப் போன் ஒன்றிலிருந்து இரண்டானது. சிறுமியின் விளக்கம் எளிமையானது. முன்பெல்லாம் வண்டிச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள்; இப்போது அப்பா எல்லா நாளும் ஒரே மாதிரி வருகிறார், எப்போது என்று தெரியவில்லை.

குழு இதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு ஏற்பாடுகளை விரைவுபடுத்தியது. எழுதிக் கொடுத்த தாளை மீறினால் கணவருக்குத் தானாக எந்த விளைவும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 18-ஆம் பிரிவில் பெற்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த வேறுபாட்டைத் தாய்க்கும் அண்ணனுக்கும் சேர்த்து உட்காரவைத்து விளக்கியபின்தான் அண்ணன் சமரசப் பேச்சை விட்டார்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இரவு மறுபடி கழுத்தில் கை. சிறுமி தம்பியை விட்டுவிட்டு வந்து கத்தினாள். லைனில் எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது.

வெளியேறிய நாளும் அடுத்த மாதமும்

மறுநாள் காலை கணவர் பகல் ஷிஃப்டில் இருந்தபோது வெளியேறினார்கள். தாய் நேராகப் பட்டறைக்குப் போகாமல் பெரியம்மா வீட்டுக்குப் போனார், பையும் மகனும் அங்கிருந்து, மகள் பள்ளியிலிருந்து. மூவரும் அரசு மருத்துவமனை, பிறகு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே ஐந்து நாள்வரை தங்கலாம் என்பதால் அதற்குள் அடுத்த இடம் தயாராக வேண்டும். ஆறாவது நாள் அண்ணன் வீடு. அரையாண்டுத் தேர்வில் இரண்டு தாள் தவறின. பள்ளி ஜனவரியில் தனியாக எழுத வைத்தது.

பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைச் சேவை மையத்திலேயே எழுதினார். இலவச வழக்கறிஞர் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே கிடைத்தார். இதற்கு வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவின் முதல் வரைவில் பாதுகாப்பு, வாடகை, பராமரிப்புத் தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் இருந்தன, பள்ளி இல்லை. 18-ஆம் பிரிவில் குழந்தையின் பள்ளிக்குள் எதிர்மனுதாரர் நுழைவதைத் தடுக்க வழி இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும். ஆசிரியரின் நோட்டிலிருந்த தேதிகளோடு அந்த வேண்டுகோள் சேர்க்கப்பட்டது. முதல் விசாரணை மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் விடுமுறைக் காலமாகையால் இடைக்கால உத்தரவு வர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் அண்ணன் வீட்டில் கழிந்தன. முகவரி யாருக்கும் தரப்படவில்லை.

பட்டறைக்காரர் முன்பணத்தைத் தீர்க்காமல் போகக்கூடாது என்றார். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976-ஐக் குறிப்பிட்டு வழக்கறிஞர் ஒரு கடிதம் அனுப்பியபின் அந்தப் பேச்சு நின்றது. தாய் வேறு இடத்தில் துண்டு மடித்துக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி சற்றுக் குறைவு, ஆனால் வாரக்கூலி, அவர் கையில்.

இருப்பிடம் குறித்து நீண்ட விவாதம் நடந்தது. அண்ணன் வீட்டிலேயே இருந்தால் பாதுகாப்பு அதிகம். ஆனால் பள்ளி மாற வேண்டும். பழைய ஊரிலேயே அறை எடுத்தால் கணவர் எதிர்ப்படலாம். ஆனால் வகுப்பாசிரியர், நூலகப் பாய், இரு தோழிகள் அப்படியே இருப்பார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நடுவயதுவரை பின்தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்வில், கடும் இடர்களோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் முதன்மையானது, இடைவிடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. சிறுமிக்கு அப்படிப்பட்டவர்கள் மூவர்: தாய், ஆசிரியர், பெரியம்மா. இருவரை ஒரே நாளில் இழக்கவைக்க வேண்டாம் என்று முடிவானது. பள்ளியிலிருந்து 700 மீட்டரில், வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கும் ஒரு மாடி அறை கிடைத்தது. அது காவல் நிலையத்துக்கும் அருகில். உத்தரவின் நகல் அங்கே முன்கூட்டியே கொடுக்கப்பட்டது.

ஜனவரியில் குழந்தைகள் நலக் குழுமுன் தாயோடு சேர்ந்தே சிறுமி ஆஜரானாள். சமூக விசாரணை அறிக்கையைப் பார்த்தபின் தாயிடமே ஒப்படைத்து, கண்காணிப்போடு, நிதி ஆதரவுக்கும் பரிந்துரைத்தார்கள். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். பணம் கைக்கு வர ஜூன் ஆனது. இடையில் வந்த வாடகைப் பற்றாக்குறையைப் பள்ளி முன்னாள் மாணவர்கள் மூன்று மாதம் தாங்கினார்கள். அது இல்லையென்றால் தாய் திரும்பிப் போயிருக்கக்கூடும். பெண்கள் திரும்பிப் போவதற்கு மனம் மாறுவது மட்டுமல்ல, வாடகையும் காரணமாகலாம்.

வேலைகளைக் கைமாற்றியது

புது அறைக்கு வந்து ஆறு வாரம் ஆகியும் சிறுமி தூங்கவில்லை. அரிவாள்மனை மாடிப்படிக்குக் கீழே போனது. "இனிமேல் பயமில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். அது அவளுக்கு எதையும் மாற்றவில்லை. பிப்ரவரியில் உளவியல் ஆலோசகர் பேச்சை மாற்றினார். உன் வேலைகளை விடு என்று சொல்லாமல், ஒவ்வொரு வேலையையும் இனி யார் செய்வது என்று அவளோடு உட்கார்ந்து எழுதினார்.

மதியப் போன் முதலில். தாய் தினமும் 12.30-க்குப் பள்ளி எண்ணுக்கு அழைப்பார். அவள் தேடி வர வேண்டாம். தாய் இரண்டு நாள் மறந்ததும் அவள் பழையபடி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். தாய் போனில் அலாரம் வைத்தபின் நிலைத்தது. நான்காவது வாரம் அவளே "வாரம் ரெண்டு நாள் போதும்" என்றாள்.

கதவு அடுத்தது. உள்தாழ்ப்பாள் கூடுதலாக ஒன்று அவள் எட்டும் உயரத்திலும், சங்கிலி ஒன்றும் போடப்பட்டன. இரவு ஒன்பதரைக்குத் தாய் சத்தமாக "பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும், அவள் போய்ப் பார்க்கலாம், ஒரே ஒரு முறை. வண்டிச் சத்தத்தைக் கேட்கும் வேலை வீட்டுக்காரத் தாத்தாவுக்குப் போனது. கணவரின் புகைப்படம் அவரிடம் இருந்தது, பள்ளிக் காவலாளியிடமும் இருந்தது. பள்ளியிலிருந்து அவளை அழைத்துப் போகக்கூடியவர்கள் மூவர் மட்டும் என்று எழுதி ஒட்டப்பட்டது. அந்தத் தாளை அவளே படித்துப் பார்த்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை தாயின் வேலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒத்திகை பார்க்கப்பட்டது: தாய் தம்பியைத் தூக்குவார், அவள் கீழே இறங்கித் தாத்தா கதவைத் தட்டுவாள், அவ்வளவே அவள் பங்கு.

அரிவாள்மனை கடைசி. அதை இரவில் பூட்டி வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கப்பட்டது. சாவி தாயின் கழுத்தில். மே மாதம் ஒருநாள் பெட்டியைப் பூட்ட மறந்திருந்தார்கள் என்பது மறுநாள் காலையில்தான் இருவருக்கும் தெரிந்தது.

அதிர்ச்சியை நேரடியாகத் தொடும் அமர்வுகள் இதற்கு இணையாக, ஆனால் பின்னால், நடந்தன. அதிர்ச்சி மையப்படுத்திய அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வு; இங்கே 14, வாரம் ஒன்று, 50 நிமிடம், தாய்க்குத் தனிப் பகுதி. முதல் ஐந்து அமர்வில் உடல் அறிகுறிகளும் தூக்கமும் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்வதும் மட்டுமே. டிசம்பர் இரவை அவள் ஆறாவது அமர்வில் லைன் வீட்டின் வரைபடமாக வரைந்தாள். யார் எங்கே நின்றார்கள் என்று அம்புக்குறி போட்டாள். எழுத்தாக வந்தது ஒன்பதாவதில். அதில் ஒரு வரியை ஆலோசகர் கவனமாக எடுத்துப் பேசினார்: 'நான் அன்னிக்கு லேட்டாத்தான் எந்திரிச்சேன்.' தாய்க்கு நேர்ந்ததற்குத் தன் தூக்கமே காரணம் என்று அவள் நம்பியிருந்தாள்.

கோபம்

மார்ச் கடைசியில் தம்பியை அடித்தாள். தாயை, தந்தை பயன்படுத்திய அதே சொற்களால் திட்டினாள். உறவில் ஒருவர் "அப்பன் புத்தி" என்றார், தாயும் கலங்கினார். பாதுகாப்பான பிறகு கோபம் வெளிவருவது அடிக்கடி காணப்படுவது. பயம் இருந்தவரை அதற்கு இடமில்லை. தாய்க்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே: அந்த நேரத்தில் தானும் குரல் உயர்த்தக்கூடாது, அடி மட்டும் எந்தக் காரணத்துக்கும் அனுமதி இல்லை என்று சொல்லி, தம்பியை வேறு அறைக்கோ மாடிப்படிக்கோ கொண்டுபோய்விட வேண்டும். கோபத்தின் பொருளை அலசுவது அமர்வுக்கு.

அந்தக் கோபத்தில் எவரும் எதிர்பாராத ஒரு பகுதி இருந்தது. "இப்போ என்னைய எதுக்குமே கேக்கறதில்ல." காவல் வேலைகள் கைமாறியதில் வீட்டில் அவளுக்கிருந்த மதிப்பும் சேர்ந்து போய்விட்டதாக அவளுக்குப் பட்டது. கவாய் ஆய்வும் இதைத் தொட்டிருக்கிறது: நன்றாக வந்த குழந்தைகளில் பலருக்கு வீட்டில் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு பொறுப்பு இருந்தது. பயத்தில் செய்யும் வேலையை எடுப்பது சரி. தேவைப்படுகிறேன் என்ற உணர்வையும் சேர்த்து எடுத்துவிடக்கூடாது. வாரச் சந்தைக் கணக்கு அவளிடம் தரப்பட்டது; தம்பிக்கு எழுத்துச் சொல்லித் தருவதும். பள்ளியில் நூலகப் பதிவேடு. சந்தைக் கணக்கில் தாய் பத்து ரூபாய் தவறவிட்டதைக் கண்டுபிடித்த வாரம் வீட்டில் நல்ல வாரம்.

தந்தையைப் பார்க்க வேண்டும் என்றும் ஏப்ரலில் கேட்டாள். இதைத் தாய் துரோகமாக எடுத்துக்கொள்ளாதபடி தனி அமர்வு வைக்க வேண்டியிருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், பாதுகாப்பு அலுவலரின் அலுவலக வளாகத்தில், வேறொருவர் முன்னிலையில். முதல் சந்திப்பில் தந்தை தாயின் முகவரியை அவளிடம் கேட்டார், அன்றே நிறுத்தப்பட்டது. அடுத்த சந்திப்புக்கு முன் எழுத்து நிபந்தனை போடப்பட்டது. அதன்பின் நிபந்தனை மீறாமல் நடக்கிறது, ஆனால் ஐந்தில் இரண்டு முறை அவர் வரவில்லை.

14-ஆம் மாதத்தில்

ஆசிரியர் வினாத்தாள் 19-இலிருந்து 11. அதிர்ச்சிப் படிவம் 26-இலிருந்து 14. பள்ளித் தூக்கம் ஜூலைக்குப் பிறகு இல்லை. இரும்பு மணிக்கு இன்னும் தோள் குலுங்குகிறது. கணக்கில் மதிப்பெண் மீண்டது, ஆங்கிலத்தில் இல்லை. தம்பி படுக்கையை நனைப்பது மே மாதத்துக்குள் தானாக நின்றது. அதற்கென்று எதுவும் செய்யவில்லை. தாயின் மனச்சோர்வு மதிப்பெண் ஒன்பது கேள்விப் படிவத்தில் 17-இலிருந்து 8 ஆனது. குழந்தை தேறியதில் இதற்குப் பெரும் பங்குண்டு என்பது குழுவின் கணிப்பு. தாய் தூங்கத் தொடங்கிய வாரங்களும் மகள் தூங்கத் தொடங்கிய வாரங்களும் நோட்டில் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன.

பராமரிப்புத் தொகை 6,000 ரூபாய் பத்து மாதத்தில் நான்கு மாதமே வந்தது. நிலுவைக்கு மனு போட்டிருக்கிறது. குற்ற வழக்கு தொடர தாய் இப்போதைக்கு விரும்பவில்லை. அந்த முடிவு அவருடையது.

மாற்றப்படுபவை

கழுத்து நெரிப்புக் கேள்வி இனி முதல் சந்திப்பின் படிவத்திலேயே, மூன்று விதமான சொற்களில்: நெரித்தாரா, இறுக்கினாரா, மூச்சுவிட முடியாமல் செய்தாரா.

சமரசத்துக்கு முன்பே தாயின் பிறந்த வீட்டாரைச் சந்திப்பது. நவம்பரில் அண்ணனுக்குச் சட்டம் விளங்கியிருந்தால் அந்த மூன்று வாரமும் டிசம்பர் இரவும் தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

நிதி ஆதரவு வர ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, வாடகைக்கு இடைக்காலப் பணத்தை வெளியேறும் நாளுக்கு முன்பே உறுதி செய்வது. மனுவில் பள்ளியின் பெயர் முதல் வரைவிலேயே வருவது. வேலைகளைக் கைமாற்றும் பட்டியலை ஆறு வாரம் காத்திராமல், புது இடத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்குவது. அதே தாளில் குழந்தைக்கு எந்தப் பொறுப்பு மிஞ்ச வேண்டும் என்ற பத்தியையும் சேர்ப்பது.

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2027 ஜூனில் சிறுமி வேறு பள்ளிக்குப் போவாள். அழைத்துச் செல்லக்கூடியவர்களின் பட்டியல், காவலாளியிடமுள்ள படம், நீதிமன்ற உத்தரவின் நகல் மூன்றும் அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே அங்கே போய்ச் சேர வேண்டும்; உத்தரவில் பள்ளியின் பெயரையும் மாற்றக் கோரி மனு தர வேண்டும். இதற்குப் பொறுப்பாளராகச் சமூகப் பணியாளர் குறிக்கப்பட்டிருக்கிறார்.